ஒட்டுப்பால் சுற்றிய சென்டர்

யட்டியாந்தோட்டை
2025 பெப்ரவரி 15

கபூர் நானாவுக்கு செவனு எழுதிக்கொள்வது.

அது நம் ஆட்கள் கிரிக்கெட்டில் உலகக் கோப்பையைக் கொண்டுவந்த வருடம். மழை பொய்த்து, ஆறு வற்றி, நாளில் பாதி நேரம் கரண்டை வெட்டிய வருடமும் அதுதான். ரப்பர் மரத்தில் பால் இறங்காமல் தோட்டத்தில் பல பேருக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். வைகாசி மாதம், வியாழக்கிழமை. தேதி எனக்குத் தெரியாது, படித்தவன் இல்லை. மற்றதெல்லாம் தெரியும். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள். நீலக் கட்டம் போட்ட சாரம் உடுத்தியிருந்தீர்கள்.

இத்தனை வருடம் கழித்து இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன ஞாயிறு பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்போது நான் மெஷினில் நின்றேன். கட்டில் கால் ஒன்று பாதி கடைந்தபடி மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. மெஷின் நின்ற பிறகும் எனக்குக் கரகர என்று கேட்டது. வெளியிலிருந்து வரும் சத்தம் எதுவும் எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. இது உள்ளே இருந்து வந்தது. எந்தச் சத்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊரை விட்டுப் போகும்போது லேத் மெஷினை எனக்கே விட்டுவிட்டு, மரத்தின் மறுமுனையைத் தாங்குகிற சுற்றும் சென்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நான் சுற்றும் சென்டர் வாங்கவே இல்லை. சுற்றாத இரும்பு முனையில்தான் இருபத்தொன்பது வருடமாக மரத்தைத் தாங்கிக் கடைகிறேன். மெழுகு வைத்தாலும் மரம் எரிகிறது. என் கையால் போன கால் ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். பஜாரில் அதற்குச் ‘செவனு பொட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கரவனெல்லையில் ஒரு மாடி வீட்டுப் படிக்கு இருபத்துநாலு தூண் கேட்டிருக்கிறார்கள். பொட்டு இருக்கக் கூடாதாம். அந்தப் பழைய சென்டர் உங்களிடம் இருந்தால் அனுப்பிவையுங்கள். பெயாரிங் தேய்ந்தது என்று தெரியும். புதிது போட்டுக்கொள்வேன்.

உங்கள் மகளின் கல்யாண அட்டை வந்தபோது என் வீட்டுக்காரி மல்லிகா கிழித்து அடுப்பில் போட்டாள். முகவரி இருந்த மூலை மட்டும் வெளியே விழுந்தது. எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிற பிள்ளை முகவரி போடுகிறாள். பஸ் ஸ்டாண்டில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிற ஷாமிளா. பதில் போட்டால் அவள் கடைக்கே போடுங்கள். வீட்டுக்கு வேண்டாம். மல்லிகாவுக்கு வாசிக்கத் தெரியும்.

செவனு


கேகாலை
2025 பெப்ரவரி 24

திரு. செவனு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வாப்பாவின் பெயருக்கு வந்தது. வாப்பா மௌத்தாகி எட்டு மாதம். உம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். ஆகவே நான் பிரித்தேன். நான் நபீலா, நீங்கள் சொன்ன கல்யாண அட்டையில் இருந்த மகள்.

வாப்பாவின் ஜனாஸாவுக்கு யட்டியாந்தோட்டைக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொன்னது நான்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சசி மாமா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவருடைய கல்யாணத்துக்கான கட்டில் கால், வாப்பா கடைந்துகொண்டிருந்தபோது மெஷினிலிருந்து பாய்ந்து அவர் நெற்றியில் அடித்தது. “நானா டெயில்ஸ்டாக்க இறுக்கல” என்று நீங்கள் பஜார் நடுவில் சொன்னீர்கள். மரத்தின் மறுமுனையைத் தாங்குகிற பகுதியை வாப்பா பூட்டாமல் விட்டார் என்று ஊர் முழுக்க நம்பியது. கூட நின்று வேலை செய்தவர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா?

பதினாறாம் நாள் காரியத்தன்று வாப்பா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். உங்கள் மனைவி வாளியோடு வாசலுக்கு வந்து சாணித் தண்ணீரை வாப்பாவின் மேல் ஊற்றினார். “எந்தம்பியக் கொன்ன கையி. இந்தப் படிய மிதிச்சிறாத” என்றார். அவர் சொந்தத் தம்பி, அவருக்கு அந்த நேரம் அது நியாயம். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். கதவுக்கு அடியில் உங்கள் கால் தெரிந்தது. நான் குட்டையாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. அந்த உடுப்போடு பஸ்ஸில் ஏறக் கூச்சப்பட்டு இரண்டு கட்டை தூரம் நடந்தோம். மூன்று மாதத்தில் ஊரை விட்டோம்.

சென்டர் இருக்கிறது. துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, தன் அலுமாரியில் வைத்திருந்தார். “இதக் கழுவ வாணாம், எண்ணெ பூச வாணாம். செவனு கேட்டா மட்டும் குடுங்க” என்பார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

என் கணவர் பயாஸ் மோட்டார் வேலை செய்கிறவர். புது சென்டர் வேண்டுமென்றால் நாளைக்கே டவுனில் வாங்கி அனுப்புவார். தேய்ந்துபோன பழசு உங்களுக்கு எதற்கு? அதைச் சொன்னால் அனுப்புகிறேன்.

நபீலா


யட்டியாந்தோட்டை
2025 மார்ச் 8

மகள் நபீலாவுக்கு,

என் காதுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தால் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும். அதனால் ஷாமிளா கடைக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தாள். எட்டு மாதம் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்று தரம் வாசித்தாள். நான் உயிரோடு இருக்கிற ஆளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

கதவுக்கு அடியில் தெரிந்தது என் கால்தான்.

படித்தூண் கதை பொய் இல்லை. ஆனால் சென்டரை அதற்காகக் கேட்கவில்லை. அதன் வாலில் கறுப்பாக ஒரு நாடா சுற்றியிருக்கிறதா என்று பார்.

சென்டருக்கு முன்னால் கூர்முனை, பின்னால் சரிவான வால். வால் மெஷினின் குழலுக்குள் போய் இறுகி நிற்க வேண்டும். முனை மட்டும் பெயாரிங்கில் மரத்தோடு சேர்ந்து சுற்ற வேண்டும். எங்கள் சென்டரில் பெயாரிங் தேய்ந்துபோனது. கட்டைவிரலால் முனையைத் தள்ளினால் பல் ஆடுகிற மாதிரி ஆடும். சில நேரம் பெயாரிங் பிடித்துக்கொண்டு, முனை சுற்றாமல் வாலே குழலுக்குள் சுழலும். அப்படிச் சுழன்று சுழன்று வாலும் குழலும் தேய்ந்து பிடி விட்டுப்போனது. “வார கெழம நான் கொழும்புக்குப் பெய்த்து புதுசு ஒன்டு எடுத்துட்டு வாறேன். அதுவரைக்கும் கட்டில்ல கை வெக்காத” என்றார் உன் வாப்பா. சசி கல்யாணத்துக்கு அப்போது பதினொரு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை மாலை நானா மஹ்ரிபு தொழப் போன நேரம் பார்த்து, நான் அந்த வாலைச் சுற்றி ஒட்டுப்பால் நாடாவைச் சுற்றிக் குழலுக்குள் அடித்தேன். ரப்பர் தோட்டத்துக்காரன் புத்தி. பால் வெட்டிய காயத்தில் மிச்சப் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும், உரித்தால் வரும். குழாய் ஒழுகினாலும் குடைக்கம்பு கழன்றாலும் எங்களுக்கு அதுதான் மருந்து. சென்டர் கெட்டியாகப் பிடித்தது. தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நானா வந்ததும், “கிரீஸ் போட்டேன் நானா, இப்ப நல்லாயிருக்கு” என்றேன். நாடாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார்.

மறுநாள் காலையில் மூன்று கால் நன்றாக வந்தது. நாலாவது ஏறியிருந்தபோது சசி வந்தான். “எங் கட்டிலு எப்புடி மச்சான் இருக்கு?” என்றான். எனக்கு முந்தி உன் வாப்பா சொன்னார்: “மாப்புள, நாலும் ஒரே ஒசரம். ஒங்க மச்சான் கடஞ்சிருந்தா பொஞ்சாதி ஒரு பக்கமா உருண்டு பெய்த்துருவா.” சசி சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியவில்லை. பெயாரிங் கரகர என்று அரைத்துச் சூடேறி, சூட்டில் ரப்பர் இளகி, வால் வழுக்கிப் பின்னால் போய்விட்டது. தாங்க முனை இல்லாத மரம் பாய்ந்தது.

டெயில்ஸ்டாக்கை உன் வாப்பா இறுக்கியிருந்தார். இறுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மல்லிகா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து, “யாருங்க செஞ்சா? யாரு செஞ்சா?” என்று கேட்டாள். தாய் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். வாயில் வந்ததைச் சொன்னேன். வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுக்க இந்த நாள்வரை முடியவில்லை.

நானாவுக்கு நாடாவைப் பற்றித் தெரியுமா, தெரியாதா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தெரியாமல் போனார் என்றால் அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்திருப்பார். தெரிந்து போனார் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செவனு


கேகாலை
2025 மார்ச் 17

செவனு மாமாவுக்கு,

நோன்பு திறந்த பிறகு டின்னைத் திறந்தோம். நாடா இருக்கிறது. கறுத்து, கட்டியாகி, வாலோடு ஒட்டிக் கிடக்கிறது. பயாஸ் நகத்தால் சுரண்டப் போனார். தொட வேண்டாம் என்றேன்.

வாப்பாவுக்குத் தெரியும். அன்றே சென்டரை வெளியே தட்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது. உம்மா படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்டது. “நீங்க செய்யல்லன்டா அன்டக்கே ஏன் செல்லல்ல?” என்று உம்மா கேட்டார். வாப்பா சொன்னார்: “செல்லியிருந்தா அந்தப் புள்ள மல்லிகா அவன உட்டுட்டுப் பெய்த்துரும். அவனுக்கு வேற யாரு இருக்கா? நமக்கு இன்னொரு ஊர் இருக்கி.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: “கரகரன்டு சத்தம் எனக்கும் கேட்டிச்சி. கரண்டு பெய்த்துரும்டு நான் நிப்பாட்டல்ல. அந்த மௌத்துல எனக்கும் பங்கிருக்கி.”

என் கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கப் போனபோது, கடையில் நின்ற கட்டில்களை எல்லாம் சாய்த்துச் சாய்த்துக் காலுக்கு அடியில் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். ஒன்றில் கறுப்புப் பொட்டு இருந்தது. பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது காணும்” என்றார். இன்றும் அதில்தான் படுக்கிறோம்.

இதையெல்லாம் எழுதுவதால் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். இன்னொரு ஊர் இருந்தது வாப்பாவுக்குத்தான். உம்மாவுக்கு இருக்கவில்லை. அவர் பிறந்த வீடு யட்டியாந்தோட்டையில். தங்கையின் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பக்கத்தில் இருந்தவள், “இது ஆளக் கொன்ன கபூர்ட பொஞ்சாதி” என்று மற்றவளிடம் சொன்னாள். உம்மா கை கழுவிவிட்டு எழுந்து வந்தார். பிறகு அந்த ஊருக்குப் போகவே இல்லை. சாகும்போது அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். நான் குழாய்த் தண்ணீரைக் கொடுத்து அதுதான் என்று சொன்னேன்.

வாப்பா உங்களை மன்னித்துவிட்டார் போல. அது அவர் விஷயம். நான் கேட்பது ஒன்றுதான். சாணித் தண்ணீர் ஊற்றியவருக்கு உண்மை தெரிய வேண்டும். மாமியிடம் சொல்லுங்கள்.

சென்டரைப் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். கடை முகவரிக்கு அனுப்பவா, வீட்டு முகவரிக்கு அனுப்பவா? வீட்டுக்கு வந்தால் மாமிதான் கையெழுத்துப் போட்டு எடுப்பார் என்று தெரியும். நீங்கள் சொல்கிற இடத்துக்கு அனுப்புகிறேன்.

நபீலா


யட்டியாந்தோட்டை
2025 ஏப்ரல் 22

மகளுக்கு,

பதில் பிந்திவிட்டது. சித்திரை வருஷப் பிறப்புக்குக் கடை பூட்டியிருந்தது. அது பாதி உண்மை. கடை திறந்து ஐந்து நாள் ஆகிறது.

உன் கட்டில் கதையை வாசித்தபோது ஷாமிளாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழவில்லை. அன்று முழுக்க மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பார்சலைக் கடைக்கே அனுப்பு, மகளே. மல்லிகாவுக்குச் சீனி வியாதி, பிரஷர் எல்லாம் இருக்கிறது. கிளினிக் பிள்ளை, அதிர்ச்சியான விஷயம் எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்துக் காம்பராவில் நானும் அவளும்தான். நீ சொன்னால் நான் பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கிறேன். ஜும்மா முடிந்து வருகிற அத்தனை பேர் முன்னாலும், நானா இறுக்கினார், தப்பு என்னுடையது என்று கத்திச் சொல்கிறேன். உன் உம்மாவின் ஆட்கள் எல்லாரும் கேட்கட்டும். அவளிடம் மட்டும் என்னால் முடியவில்லை.

முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, “மல்லிகா, அந்தக் கட்டிலு…” என்று ஆரம்பித்தேன். “ஆடுதா? அட்டய மடிச்சுக் காலுக்குக் கீழ வைங்க. ஊருக்கெல்லாம் கட்டிலு செய்றீங்க, நம்ம கட்டிலு நொண்டுது” என்றாள். அட்டையை மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை தோறும் சசி படத்துக்கு விளக்கு வைப்பாள். வைத்துவிட்டு உன் வாப்பாவின் பேரைச் சொல்லிச் சபிப்பாள். இருபத்தொன்பது வருடமாக நான் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறேன். நானா செத்துவிட்டார் என்பதையும் அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. செத்த ஆளைச் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைக்கே அனுப்பு.

செவனு


கேகாலை
2025 ஏப்ரல் 29

மாமா,

நீங்கள் சொல்கிற இடத்துக்கு அனுப்புவேன் என்று எழுதினேன். அதை மாற்றமாட்டேன். பள்ளிவாசலுக்கு முன்னால் நீங்கள் நின்று என்ன ஆகப்போகிறது? உம்மாவை அறிந்தவர்களில் பாதிப் பேர் இல்லை.

கடைக்கு அனுப்புவதென்றால் நாடாவை உரித்து, பெட்ரோலில் கழுவி, பயாஸைக் கொண்டு புதுப் பெயாரிங் போட்டுச் சுத்தமாக அனுப்புகிறேன். உங்களுக்கு நல்ல சென்டர் கிடைக்கும். தூணில் பொட்டு விழாது. கழுவ வேண்டாம் என்று வாப்பா சொல்லிவைத்தது, என்றாவது ஒருநாள் நீங்கள் வாய் திறந்தால் உங்கள் கையில் ஒரு சாட்சி இருக்கட்டும் என்றுதான் என நினைக்கிறேன். தனக்காக அதை அவர் ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை. உங்களுக்கும் அது வேண்டாம் என்றால், இருபத்தொன்பது வருடம் கழுவாமல் வைத்திருந்ததை நான் கழுவிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னாலும் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

மே பதினைந்தாம் தேதி வரைக்கும் பார்ப்பேன்.

நபீலா


வீட்டிலிருந்து
2025 மே 11

மகள் நபீலாவுக்கு,

கழுவ வேண்டாம்.

கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டிருப்பாய். நேற்று ஒரு கொப்பியும் பேனாவும் வாங்கி வந்து மல்லிகா முன்னால் வைத்தேன். “ஒரு கடுதாசி எழுதணும். நீயி எழுது” என்றேன்.

“யாருக்கு?”

“கபூர் நானா மகளுக்கு.”

பேனாவைத் தள்ளிவிட்டாள். “என் உசுரு போனாலும் எழுத மாட்டேன். ஒங்களுக்கு என்ன பைத்தியமா?”

“எழுது. எழுதி முடிச்சிட்டு நீயே கிழிச்சு அடுப்புல போடு.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவாள். அது எனக்கு வசதியாக இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஒவ்வொரு சொல்லாக அவள் பேனாவுக்குச் சொன்னேன். உனக்கு முன்னே எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நானா போய்விட்டதையும் சொன்னேன். இரண்டு பக்கம் ஆனது. அந்த இரண்டு பக்கத்தையும் அவள் கிழிக்கவில்லை. மடித்துச் சசி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். உனக்குத் தெரிந்ததுதானே, அதனால் இதோடு சேர்க்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பால் வெட்டுகிறவன் இல்லை, தோட்டத்தில் பால் வெட்டியவள் மல்லிகா. அந்த ஒட்டுப்பால் நாடாவை நான் மரத்திலிருந்து உரிக்கவில்லை. அவள் அன்று தன் மரங்களில் உரித்து, மறுநாள் ஸ்டோரில் நிறுக்கக் கொடுக்கப் பையில் வைத்திருந்தாள். அதில் கேட்டேன். “எதுக்குங்க?” என்றாள். “சும்மா, ஒரு வேலைக்கு” என்றேன். பைக்குள் கையை விட்டு, அறுபடாத நீள நாடாவாகப் பார்த்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் எழுதுவது நின்றது. பேனாவை மூடிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கேட்காது. திரும்பி வந்தபோது முந்தானை நனைந்திருந்தது. உட்கார்ந்து, “சொல்லுங்க” என்றாள். இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

அடுத்த வரிகள் அவள் சொல்வது, என் வாயால் வந்தது இல்லை.

சாணித்தண்ணி ஊத்துனது நாந்தான் தாயி. ஒன்னோட வெள்ளக் கவுன்லயும் பட்டுச்சு. நீ அழுகாம நின்ன. அது எனக்கு இன்னக்கும் கண்ணுல நிக்கிது.

இனி என்னோடு இருப்பாயா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு போட்டு வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பெயாரிங்கைப் பயாஸ் தம்பி மாற்ற வேண்டாம். டின்னில் இருக்கிறபடியே வரட்டும். நாடாவை அவள் உரிக்க வேண்டும் என்கிறாள். அது அவள் தினமும் செய்த வேலை. உரித்த பிறகு நான் பெயாரிங் போடுவதா, அப்படியே புதைப்பதா என்று அவள் சொல்வாள். படித்தூண் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவசரம் இல்லை.

அன்று அந்த லேத் கொட்டகையில் நின்றவர்களையும் ஓடி வந்தவர்களையும் எண்ணிப் பார்த்தேன். சசி அன்றே போனான். தலைக்கு வைக்கத் தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்த உன் உம்மா ஸபியா போய்விட்டார். சசியை லொறியில் ஏற்றிக்கொண்டு பறந்த அஸீஸ் முதலாளியும் போய்விட்டார். உன் வாப்பா, என் கபூர் நானா, அவரும் இல்லை. என்னை நான் சேர்க்கவில்லை. பொய் சொன்னவன் அன்று அங்கே இருந்ததாக ஆகாது. மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. பார்சலின் மேல் அவள் பேரை எழுது.

மல்லிகா.